மீன் தொட்டி: முதலில் தண்ணீர், பிறகு மீன்

பெருநாள் காசு கையில் சேர்ந்ததும் பிள்ளைகள் கேட்பவற்றில் மீன் தொட்டியும் ஒன்று. அன்று மாலையே வாப்பாவும் பிள்ளையும் கடைக்குப் போகிறார்கள். தொட்டி, கூழாங்கல், பிளாஸ்டிக் செடி, ஒரு டஜன் மீன் எல்லாம் ஒரே ஆட்டோவில் வீடு வந்து சேருகின்றன. மூன்றாம் நாள் ஒரு மீன் மேலே மிதக்கிறது. பத்து நாளில் தொட்டி காலி. "ஒழுங்காத்தானே தீனி போட்டேன் உம்மா" என்று பிள்ளை அழுகிறது.

நம்மில் பலர் வீட்டில் இது நடந்திருக்கிறது. தவறு பிள்ளையுடையது அல்ல. தண்ணீர் தயாராகும் முன்பே மீனைக் கொண்டுவந்துவிட்டோம், அவ்வளவுதான்.

தொட்டிக்குள் நடப்பது என்ன?

மீனின் கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. தண்ணீர் பளிச்சென்று தெளிவாகவே இருக்கும். ஆனால் அம்மோனியா மீனின் செவுளைப் புண்ணாக்கிக் கொன்றுவிடும். வெயில் காலத்துச் சூடான தண்ணீரில் இதன் வீரியம் இன்னும் கூடும்.

அல்லாஹ் படைத்த நுண்ணுயிர்களில் ஒரு வகை இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இதை அளவோடு இருந்தால் மீன் தாங்கிக்கொள்ளும். புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் போதுமான அளவு இருக்காது. கல்லிலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

தொட்டியும் தண்ணீரும்

உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் வேண்டாம். தண்ணீர் குறையக் குறைய நஞ்சு சீக்கிரம் ஏறும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி நல்ல தொடக்கம். அது ஏறத்தாழ 55 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 55 கிலோ என்பதால் ஆடாத மேசையில், அடியில் தெர்மாகோல் போட்டு வையுங்கள். ஜன்னல் வெயில் படக் கூடாது.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தைக் கலந்த பிறகே ஊற்றுங்கள். வெறும் ஆர்.ஓ. தண்ணீர் வேண்டாம். மீனுக்குத் தேவையான தாது உப்புகள் அதில் மிகவும் குறைவு.

மீன் இல்லாத வாரங்கள்

தண்ணீர் நிரப்பி ஃபில்டரை ஓடவிடுங்கள். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகி வரும் அம்மோனியாவே நுண்ணுயிர்களுக்கு உணவு. நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் சொந்தக்காரர் இருந்தால், அவருடைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கிப் போடுங்கள். காத்திருக்கும் நாள் குறையும்.

வண்ண மீன் கடைகளில் தண்ணீர் சோதிக்கும் கிட் கிடைக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கினால் தொட்டி தயார். இந்தக் கணக்கைப் பிள்ளையே நோட்டில் எழுதட்டும். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் வாங்கப் போகலாம்.

முதல் மீன்கள்

கொளத்தூர்ப் பக்கம் போனால் கடைக்குக் கடை வண்ணங்கள் கண்ணை இழுக்கும். முதல் தடவை ஐந்தாறு மீன் போதும். கப்பி, மோலி, பிளாட்டி மூன்றும் நம் உப்புச் சத்துள்ள போர் தண்ணீரையும் தாங்கும். இவை குட்டி போடும் இனம். குட்டிகள் பெருக வேண்டாமென்றால் ஆண் மீன்களை மட்டும் வாங்குங்கள். ஃபைட்டர் ஆண்கள் இரண்டை ஒரே தொட்டியில் விடவே கூடாது. கோல்டுஃபிஷ் பெரிதாக வளரும், கழிவும் அதிகம். இந்தத் தொட்டி அதற்குப் போதாது.

தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று தரும் சக்கர் மீன் ஓர் அடிக்கு மேல் வளரும். வைத்துக்கொள்ள முடியாதவர்கள் ஏரியில் விட்டு, இன்று நம் நீர்நிலைகளில் அது பரவிக் கிடக்கிறது. எந்த வளர்ப்பு மீனையும் குளத்தில் விடாதீர்கள். கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மீன் உள்ள பையை 15 நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் ஊற்றிப் பழக்கிய பின் வலையால் எடுத்து விடுங்கள்.

அன்றாடக் கவனிப்பு

• தீனி: இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. தம்பி ஒரு தடவை, தங்கை ஒரு தடவை, நன்னி ஒரு தடவை என்று ஆளாளுக்குப் போடக் கூடாது.
• வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள்.
• ஸ்பாஞ்சைக் குழாயில் கழுவாதீர்கள். குளோரின் பட்டால் நுண்ணுயிர்கள் செத்துவிடும். வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து எடுங்கள்.
• கொசு மருந்து ஸ்பிரே அந்த அறையில் வேண்டாம். சோப்பு, அத்தர் பட்ட கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள்.
• கரண்ட் அடிக்கடி போகும் வீட்டில் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று இருக்கட்டும்.

அடைத்து வைத்த உயிர் தன் தேவையைத் தேடிப் போக முடியாது; அது நம் கையில் உள்ள அமானிதம். ஆறு வாரம் வெறும் தண்ணீரைப் பார்த்துக் காத்திருக்கும் பிள்ளை பொறுமையையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும், இன்ஷா அல்லாஹ்.

பிள்ளைகளிடம் கேளுங்கள்

1. தெளிவான தண்ணீரிலும் மீன் சாவது ஏன்?
2. முதல் வாரங்களில் மீன் இல்லாத தொட்டியில் தீனி போடுவது எதற்கு?
3. ஸ்பாஞ்சை எந்தத் தண்ணீரில் கழுவ வேண்டும்?