அலைன்மென்டுக்கு அவசரம் வேண்டாம்

விடுமுறைக்குக் காரிலேயே ஊருக்குப் போய்வரும் அன்பர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. புறப்படுமுன் சஸ்பென்ஷன் வேலை பார்த்து, அன்றே வீல் அலைன்மென்டும் முடித்துவிடுவோம். நானும் அப்படித்தான் செய்தேன். முன்பக்க ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் புஷ் எல்லாம் புதிதாகப் போட்ட கையோடு அலைன்மென்ட் செய்து, புனேயிலிருந்து மதுரைக்குக் கிளம்பினேன்.

திரும்பி வந்தபின் பார்த்தால், முன் டயர்கள் இரண்டும் உள்விளிம்பில் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தன. வெளியே நின்று பார்த்தால் தெரியாது. குனிந்து கையால் தடவினால்தான் தெரியும். மழையில் பிள்ளைகளோடு இந்த டயரிலா வந்தோம் என்று பகீரென்றது. மறுபடி அளந்ததில், சக்கரங்கள் முன்புறம் வெளிநோக்கித் திரும்பியிருந்தன.

காரணம் இதுதான். காரை ஜாக்கியில் தூக்கினால் சக்கரங்கள் கீழே தொங்கும். இறக்கியதும் டயர் தரையைப் பிடித்துக்கொள்வதால், சக்கரங்கள் பக்கவாட்டில் விலகிப் பழைய இடத்துக்கு வர முடியாமல் வண்டி சற்று உயர்ந்தே நிற்கும். புது ஸ்பிரிங்கும் தன் இருக்கையில் பதிய வேண்டும். சக்கரம் தொங்கும்போதே புஷ் போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு அதைத் தூக்கிப் பிடிக்கும். சீக்கிரம் கிழிந்தும் போகும்.

வண்டியின் உயரம் மாறினால் சக்கரத்தின் கோணமும் மாறும். மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் முன்புறம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது 'டோ'. முன்னாலிருந்து பார்க்கும்போது தெரியும் சாய்வு 'கேம்பர்'. உயர்ந்து நின்ற வண்டிக்குச் சரியாக வைத்த டோ, வண்டி பதிந்ததும் தவறாகிவிடுகிறது. புதுக் கயிறு போட்ட கட்டிலைச் சில நாள் படுத்தபின் மறுபடி இழுத்துக் கட்டுவதில்லையா? அதுபோலத்தான்.

புது டயர் வாங்கிய பின் நான் கடைப்பிடித்த முறை:

1. புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியின் எடை சக்கரங்களின் மேல் இருக்கும்போது மறுபடி இறுக்கச் சொன்னேன்.

2. வண்டியை முன்னும் பின்னும் சில அடி உருட்டி, நான்கு மூலைகளையும் அழுத்தி ஆட்டினோம்.

3. டோவை மட்டும் அன்றே ஓரளவு சரிசெய்துகொண்டோம். கோணம் மிகவும் கெட்டிருக்கும்போது அப்படியே ஓட்டினால், பதிவதற்குள் டயர் போய்விடும்.

4. வழக்கமான சாலைகளில் சுமார் 300 கி.மீ. ஓட்டிய பிறகே முழு அலைன்மென்ட் செய்தேன். அதற்குமுன் டயர் காற்றைச் சரிபார்த்து, டிக்கியில் இருந்த சுமையை இறக்கி, பால் ஜாயின்ட், டை ராட் முனைகளில் ஆட்டம் இல்லை என்பதையும் உறுதி செய்தோம்.

5. முன் அளவு, பின் அளவு இரண்டும் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கி வைத்தேன்.

அதன்பின் டயர்கள் சீராகவே தேய்கின்றன. ஆகவே அன்பர்களே, ஊர்ப் பயணம் இருந்தால் சஸ்பென்ஷன் வேலையை இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். பதறாத காரியம் சிதறாது.