சுகர் என்று சொல்லிவிட்டார்களா? முதல் மூன்று மாதம் இப்படிப் போகட்டும்

ரிப்போர்ட் கைக்கு வந்த அன்றைக்கே ஆளாளுக்கு வைத்தியம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். பாகற்காய்ச் சாறு, ஆவாரம்பூ, நாவல்கொட்டைப் பொடி. கூடவே ‘இனிமேல் சோற்றைத் தொடாதே’ என்ற உத்தரவு. அத்தனையையும் ஒரே நாளில் தலையில் ஏற்றிக்கொண்டால் ஒரு மாதத்தில் சலித்துப்போகும்; பழைய சாப்பாடே திரும்ப வரும். எதையும் விடுவதற்கு முன்னால், நீங்கள் சாப்பிடுவது உங்கள் உடம்பில் என்ன செய்கிறது என்று அளந்து பாருங்கள். நான் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான்.

முதலில் ரிப்போர்ட்டை உறுதி செய்துகொள்ளுங்கள். வெறும் வயிற்றில் சுகர் 126 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை) 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தாலோ சர்க்கரை நோய் என்பார்கள். அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு இன்னொரு பரிசோதனையிலும் அது தெரிய வேண்டும். அதே வாரத்தில் கொலஸ்ட்ரால், கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின், ரத்த அழுத்தம் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். கண் டாக்டரிடம் விழித்திரைப் பரிசோதனையும் அவசியம். ‘எனக்குப் பார்வை நன்றாகத்தானே இருக்கிறது’ என்று தள்ளிப்போட வேண்டாம். இரண்டாம் வகை நீரிழிவு பல வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுத்தான் வெளியே தெரியவரும்.

அடுத்தது மாத்திரை. பெரும்பாலும் மெட்ஃபார்மினில் தொடங்குவார்கள். ஆரம்பத்தில் வயிற்றைப் புரட்டலாம், பேதியாகலாம். சாப்பாட்டோடு போட்டுக்கொண்டால் குறையும். குறையாவிட்டால் டாக்டரிடம் சொல்லி அளவையோ வகையையோ மாற்றிக்கொள்ளலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சுகர் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

இனி முக்கியமான வேலை. ஒரு குளுக்கோமீட்டரும் நாற்பது பக்க நோட்டும் வாங்குங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் இல்லாத சுகரைக் காட்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. சாப்பிடுவதற்கு முன் ஒருமுறை, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை. இரண்டு எண்ணையும், பக்கத்திலேயே என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஒருவர் நோட்டில் இப்படி இருக்கலாம்: ‘நாலு இட்லி, சட்னி: 112, 214. இரண்டு இட்லி, காய் போட்ட சாம்பார், ஒரு கிண்ணம் சுண்டல்: 110, 156.’ இட்லியை விட வேண்டியதில்லை, எண்ணிக்கையும் துணையும் மாறினால் போதும் என்பதை இந்த இரண்டு வரியே சொல்லிவிடும். சாப்பிட்டபின் 180-க்குள் இருப்பது பொதுவான இலக்கு. வயதானவர்களுக்கு டாக்டர் வேறு அளவு சொல்லலாம். ஸ்ட்ரிப் விலை கையைக் கடிக்கும். இன்சுலின் போடாதவர்கள் வாரம் இரண்டு நாள், ஒரு வேளைச் சாப்பாட்டை மட்டும் அளந்தாலே மூன்று மாதத்தில் வீட்டுச் சமையல் முழுவதும் பிடிபட்டுவிடும்.

மதியத் தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, மீதிக் கால் பங்கு சோறு. பொரியலையும் கூட்டையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள்; அப்படிச் சாப்பிட்டால் சுகர் நிதானமாக ஏறும். சிறுதானியம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்ற நம்பிக்கை நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. கேழ்வரகும் மாவுச்சத்துதான், கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் வேகமாகவே ஏற்றும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே சர்க்கரைக் கணக்கில்தான் சேரும். ஒரு நாளைக்கு நாலு டீ குடிப்பவர் அதில் போடும் சர்க்கரையை நிறுத்துவதே பெரிய மாற்றம்.

சாப்பிட்டதும் உட்காராமல் பத்து, பதினைந்து நிமிடம் நடங்கள். மொட்டை மாடியே போதும். வாரத்துக்கு 150 நிமிடம் சேர வேண்டும்.

தாழ் சர்க்கரையை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரை போடுபவர்களும் இன்சுலின் போடுபவர்களும் விரதம் இருந்தாலோ சாப்பாடு தள்ளிப்போனாலோ சுகர் இறங்கலாம்; அப்போது கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள்.

இரவு படுக்கும் முன் பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலுக்குச் சூடு தெரியாது. வெயில் நேரத்தில் கோயில் பிராகாரக் கல்லில் வெறுங்காலோடு சுற்றிவிட்டுக் கொப்புளத்தோடு வருபவர்கள் உண்டு. தரிசனத்தைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

‘நான் என்ன தப்பு செய்தேன்’ என்று மனம் அடித்துக்கொள்ளும். வேண்டாம். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்த நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. பரம்பரைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

மூன்றாம் மாதம் மறுபடி ஹெச்பிஏ1சி எடுத்து, நோட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள். பலருக்கு 7-க்குக் கீழே என்பதுதான் இலக்கு. போகும்போது முப்பது வயது தாண்டிய உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் கூடவே அழைத்துப்போய் அவர்களுக்கும் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் காசு கிடையாது.