போனில் சொல்லக்கூடிய முகவரி

ஐப்பசி இடி கலஹா பக்கம் விழுந்தால் கட்டுக்கலையில் எனக்குப் போன் அடிக்கும். அங்கே மலை மேலுள்ள ஒரு தோட்டத்து ஸ்டோரில் நிறுக்கிற கொழுந்துக் கணக்கு, ஒரு பழைய கொம்பியூட்டரிலிருந்து என் சேர்வருக்கு வந்து சேர வேண்டும். இடியில் ரவுட்டர் கருகினால் அலமாரியில் இருக்கும் மாற்று ரவுட்டரை மாட்டி, அதில் என் சேர்வரின் ஐபி முகவரியை அடித்தால் போதும். மற்றதை நான் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்வேன். அந்த ‘அடித்தால் போதும்’ 2021இல் ஒரு நாள் ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது.

அப்போதைய முகவரி 198.51.100.237 போன்ற ஒன்று. உண்மையானதை எழுத மாட்டேன். 198.51.100 என்றும் 203.0.113 என்றும் தொடங்குகிற இலக்கங்களை, எழுதிக் காட்டுவதற்கென்றே 2010இல் ஒதுக்கி வைத்தார்கள். அவற்றில் யாரும் குடியிருப்பதில்லை. இங்கே நான் எழுதுவதெல்லாம் அந்த வகைதான். உண்மை முகவரியின் முன்பாதி இதைவிடக் கொடியது.

அந்த ஸ்டோரில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால்தான் சிக்னல். ரவுட்டரோ கீழே நிறுவை அறையில். கிளாக்கர் தம்பி தொட்டி மேல் நின்று நான் சொல்வதைக் கேட்பார், இறங்குவார், மழையில் ஓடுவார், அடிப்பார், திரும்ப ஏறுவார்.

“அண்ணே, இது எடுக்க மாட்டேங்குதே.”

“கடைசியா என்ன தம்பி போட்டீங்க?”

“இருநூத்தி எழுபத்தி மூணு.”

237 படியிறங்கும்போது 273 ஆகிவிட்டது. ஐபி முகவரியின் நான்கு பகுதிகளில் எதுவும் 255ஐத் தாண்ட முடியாது. அதனால் ரவுட்டர் மறுத்தது. நல்லதாகப் போயிற்று. அடுத்த தடவை காவலாளியை நடுப்படியில் நிறுத்தினோம். தம்பி மேலிருந்து சொல்ல, அவர் சிங்களத்தில் கீழே கத்த, அறையிலிருந்த இன்னொருவர் அடிக்க வேண்டும். சிங்களத்தில் ஏழு ‘ஹத’, எட்டு ‘அட’. மழைச் சத்தத்தில் 237 இந்த முறை 238 ஆயிற்று. ரவுட்டர் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது, யாரோ ஒருவருடைய சேர்வரைத் தேடி ஓடியது. பிழையான முகவரி ஏற்கப்படுவது மறுக்கப்படுவதைவிட மோசம் என்று அன்றைக்குத் தெரிந்தது. அது பிழை என்று கண்டுபிடிக்கவே அரை மணித்தியாலம்.

பெயர் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். வைத்திருக்கிறேன். கடைக்காரர்களும் வாடிக்கையாளர்களும் பெயரைத்தான் அடிக்கிறார்கள், அவர்களுக்கு அதுவே சரி. ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடிகிற பெயர்கூட 2010 முதல் நமக்கு உண்டு. ஆனால் பெயரை இலக்கமாக மாற்றித் தருகிற டிஎன்எஸ் என்ற சேவை அந்த ரவுட்டருக்கு எட்ட வேண்டுமே. எட்டாத நேரத்தில்தான் எனக்குப் போன் வருகிறது. கூகிள் 2009இல் 8.8.8.8ஐயும், கிளவுட்பிளேயர் 2018இல் 1.1.1.1ஐயும் டிஎன்எஸ்ஸுக்குக் கொடுத்தது இதே காரணத்துக்குத்தான். பெயரைத் தேடித் தருகிறவனின் முகவரியையே பெயராக எழுதி வைக்க முடியாது. அதை யாராவது தலையில் சுமக்க வேண்டும்.

அந்த மாதிரி இலக்கம் நம் கைக்கு வராது. ஐபிவி4 முகவரிகள் மொத்தமே 429 கோடி சொச்சம். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்தது. நம் ஆசிய பசிபிக் பகுதிக்குப் பொறுப்பான ஏப்னிக், அதே ஏப்ரலில் தன் கடைசித் தொகுதியைத் தொட்டுவிட்டது. இப்போது அமேசான்கூட 2024 பெப்ரவரி முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டொலர் அறவிடுகிறது. வருடக் கணக்கில் 44 டொலரளவு, வெறும் இலக்கத்துக்கு. ஆனாலும் சின்ன வர்ச்சுவல் சேர்வர் ஒன்றை எடுக்கும்போது கூடவே ஒரு முகவரி வருகிறது. அது எது என்பது குலுக்கல். குலுக்கலைத் திரும்பத் திரும்பப் போடலாம் என்பதுதான் என் வித்தை.

முன்பாதி நம் கையில் இல்லை. எந்த நிறுவனம், எந்த நகரம் என்று தெரிவு செய்தவுடனேயே முதல் இரண்டு பகுதிகள் சில தொகுதிகளுக்குள் முடிவாகிவிடும். அதனால் முதலில் நகரத்தைப் பார்த்தேன். நிலப்படத்தில் சென்னை பக்கத்தில் இருந்தாலும், கண்டியில் நான் சோதித்த ஒரு லைனில் சிங்கப்பூர்தான் விரைவாகப் பதில் சொன்னது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு மணித்தியாலத்துக்குச் சேர்வர் எடுத்து, தோட்டத்து லைனிலிருந்தே பிங் அடித்துப் பாருங்கள். அழகான இலக்கத்துக்காக மெதுவான நகரத்துக்குப் போகாதீர்கள்.

பின்பாதியின் இரண்டு பகுதிகளும் சேர்ந்து 65,536 சேர்க்கைகள். எனக்குப் பிடித்தவை மூன்று வகை: இரண்டும் ஒன்றாக இருப்பவை (113.113 மாதிரி), இரண்டும் முழுப் பத்தாக இருப்பவை (40.120 மாதிரி; சுழியமும் சேர்த்தி), இரண்டும் ஒற்றை இலக்கமாக இருப்பவை. எண்ணிப் பார்த்தால் இந்த மூன்றும் சேர்ந்து 996. அதாவது ஏறக்குறைய 66 தடவைக்கு ஒன்று. சின்ன சேர்வர் மணிக்கு ஒரு அமெரிக்க சதத்துக்கும் குறைவு, எடுத்து உடனே அழித்தால் பெரும்பாலும் ஒரு மணித்தியாலக் காசுதான். 66 தடவைக்கும் சேர்த்து அரை டொலரளவு. கண்டியில் இரண்டு பேர் தேத்தண்ணி குடிக்கிற காசு.

ஆனால் நிறுவனங்களின் குலுக்கல் உண்மையான குலுக்கல் அல்ல. ஒன்றை அழித்துவிட்டு அடுத்ததை எடுத்தால், விட்ட அதே முகவரியைத் திருப்பிக் கையில் தருவதும் உண்டு. அதனால் அழிக்காமல் நாலைந்தை ஒன்றாக எடுத்து, பார்த்து, பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக விட வேண்டும். அமேசானில் ஒரு பிராந்தியத்துக்கு ஐந்து நிலையான முகவரிகள் என்பதுதான் வழமையான உச்சம், அதற்குள் விளையாடலாம்.

இதில் எனக்கு ஒரு அடி விழுந்தது. அவசரத்தில் ஒரு சின்ன நிரல் எழுதி, இரவு முழுக்க எடுக்கவும் விடவும் சொல்லிவிட்டுத் தூங்கினேன். காலையில் என் கணக்கு பூட்டிக் கிடந்தது. அவர்கள் கண்ணுக்கு அது குப்பை மின்னஞ்சல்காரன் புதிய முகவரி தேடுவது போலத் தெரிந்திருக்கும். குற்றம் சொல்ல முடியாது. மன்னிப்புக் கடிதமெழுதி மீட்டேன். அதன்பின் கையாலேயே, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில்.

எது நல்ல முகவரி என்ற என் எண்ணமும் இந்தத் தேடலில் மாறியது. முதலில் கண்ணுக்கு அழகானதைத் தேடினேன். கண் இங்கே வேலை செய்வதில்லை, காதும் நாக்கும்தான். ஒவ்வொன்றையும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் உரக்கச் சொல்லிப் பார்ப்பேன். தமிழில் இருபது, அறுபது, எழுபது மூன்றும் வாலில் ஒன்றாக ஒலிக்கும். கெட்ட லைனில் தலை விழுந்துவிட்டால் வால் மட்டும்தான் மிஞ்சும். ஆங்கிலத்தில் பிஃப்டீனும் பிஃப்டியும் அடித்துக்கொள்ளும். சிங்களத்தில் ஏழும் எட்டும் சேர்ந்து வந்தால் நான் தொடவே மாட்டேன். 203.0.113.113 மாதிரி ஒன்று வந்தபோது ‘நூத்திப் பதிமூணு, நூத்திப் பதிமூணு’ என்று சொன்னேன், ‘எகசிய தஹதுன’ என்று சொன்னேன், ‘வன் வன் த்ரீ’ என்று சொன்னேன். மூன்றிலும் நின்றது. மனைவி சமையலறையிலிருந்து “யாருக்குப் பணம் அனுப்பப் போறீங்க?” என்று கேட்டாள்.

எசல பெரஹர இரவுகளில் இன்னொன்றும் கவனித்தேன். நகரம் நிரம்பி வழியும்போது டேட்டா நகராது, அழைப்பு மட்டும் எப்படியோ போகும். அந்த நேரம் ஏரிக்கரையில் நிற்கிறவனுக்கு, முகவரி எழுதிவைத்த இணையப் பதிவேட்டைத் திறந்து பார்க்க வழியில்லை. தலையில் இருப்பதுதான் இருக்கிறது.

முகவரி கிடைத்ததும் அதோடு கலியாணம் பேசாதீர்கள், முதலில் பூர்வீகம் விசாரியுங்கள். நமக்கு முன் அதில் யாரோ குடியிருந்திருப்பார்கள். ஸ்பாம்ஹவுஸ் போன்ற கறுப்புப் பட்டியல்களில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தச் சேர்வரிலிருந்து போகும் மின்னஞ்சல் பல இடங்களில் வாசலிலேயே நிற்கும். பிறகு ஒரு நாள் முழுக்க எதையும் ஓடவிடாமல், வருகிறதை மட்டும் பதிவு செய்யுங்கள். நான் விரும்பி எடுத்த ஒன்றுக்கு, யாரோ கைவிட்ட ஒரு சமையல் குறிப்புத் தளத்தைத் தேடி ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பழைய சொந்தக்காரர் பெயரை மாற்றி எழுத மறந்திருக்கிறார். அதை விட்டுவிட்டேன். இதன் உச்சக்கட்டம் 1.1.1.1தான். யாருக்கும் சொந்தமில்லை என்று நினைத்துப் பலரும் அதைத் தங்கள் கருவிகளில் சும்மா எழுதி வைத்திருந்ததால், அந்தத் தொகுதியை முதன்முதலாக இணையத்தில் அறிவித்துப் பார்த்தபோது குப்பை கொட்டியது. கண்டியில் ஒரு விருந்தினர் விடுதியின் வைஃபையில் 1.1.1.1 அடித்தபோது எனக்கு அவர்களுடைய லொகின் பக்கமே வந்தது.

ஒரு துணிக்கடை முதலாளியின் கணக்கையும் இதே சேர்வரில்தான் வைத்திருக்கிறேன். கொழும்பு வீதியில் கடை. புது முகவரியைச் சொன்னதும் கடதாசி எடுத்துக் கூட்டினார். உண்மை முகவரியின் கூட்டுத்தொகை எட்டு. “தம்பி, சனி. வேற பாருங்க.” வாகன இலக்கத்துக்கு ஒருவர் பார்ப்பதை நான் குறை சொல்வதில்லை. ஆனால் ஒரு முகவரிக்கு 66 தடவை குலுக்குகிறவனிடம் எண் சாத்திரத்தையும் சேர்த்தால் அடுத்த தைப்பொங்கலுக்குத்தான் கிடைக்கும். அவருக்குப் பெயரை மட்டும் கொடுத்தேன். பெயருக்கும் எழுத்தெண்ணிப் பார்த்தார், அது ஆறு, சுக்கிரன் என்று மகிழ்ந்தார்.

முதல் நல்ல முகவரியை நான் 2022இல் இழந்தேன். அந்த மார்ச்சிலிருந்து மே வரைக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தொட்டது உங்களுக்கு நினைவிருக்கும்; மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. என் அட்டையால் வெளிநாட்டுக் கட்டணம் போகவில்லை. எச்சரிக்கை மின்னஞ்சல் வந்ததை மின்சாரமில்லாத இரண்டு நாட்களில் பார்க்கவில்லை. சேர்வர் அழிந்தது, அதோடு முகவரியும் போனது. அடுத்த கிழமை அதே முகவரி கிடைக்குமா என்று முயன்றேன், வேறு யாரோ குடிவந்திருந்தார்.

இப்போது இரண்டு காரியம் செய்கிறேன். சேர்வரோடு ஒட்டாமல் தனியாக ஒதுக்கிக்கொள்ளும் முகவரியை எடுத்துக்கொள்கிறேன். சேர்வரை அழித்துப் புதிதாகக் கட்டினாலும் முகவரி என் பெயரில் இருக்கும். எந்தச் சேர்வரிலும் மாட்டாமல் சும்மா வைத்திருந்தால் அதற்கும் காசு கேட்பார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றது, கணக்கில் மூன்று மாதக் காசு முன்கூட்டியே கிடக்கும்.

முகவரியை நேராக பிரவுசரில் அடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாதுகாப்புப் பூட்டுச் சான்றிதழ் பெயருக்குத்தான் வழமை. லெட்ஸ் என்கிரிப்ட் 2025இல் ஐபி முகவரிக்கும் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது, ஆனால் அதன் ஆயுள் ஆறு நாள் அளவுதான். தானாகப் புதுப்பிக்க ஏற்பாடு செய்யாவிட்டால் ஒவ்வொரு கிழமையும் அதே வேலை.

ஐபிவி6 வந்தால் இந்தக் குலுக்கல் வேண்டாம். பல நிறுவனங்கள் ஒரு சேர்வருக்கு ஒரு முழுத் தொகுதியையே தருகின்றன, பின்பாதியை நாமே எழுதிக்கொள்ளலாம். கூகிளின் 2001:4860:4860::8888ஐப் பாருங்கள், வால் அவர்கள் விருப்பம். பேஸ்புக் தன் முகவரிகளுக்குள் தன் பெயரையே பதினாறடிமான எழுத்துகளில் ஒளித்து வைத்திருக்கிறது. நான் கண்டிக்கு 081 என்று ::81 வைத்தேன். எட்டு வருகிறதே என்று துணிக்கடைக்காரர் கேட்கவில்லை, ஏனென்றால் அவரிடம் சொல்லவில்லை.

போன மாதம் கலஹாவுக்குப் போனேன். நிறுவை அறையில், பியூஸ் பெட்டிக்கு மேலே, சுண்ணாம்புச் சுவரில் கரியால் எழுதியிருந்தார்கள். முதல் வரி அந்தப் பழைய 237, குறுக்கே கோடு. இரண்டாவது வரி 2022இல் தொலைந்தது, அதற்கும் கோடு. மூன்றாவது வரி இப்போதையது, பெரிதாக, கீழே சிங்களத்தில் ஒலிப்பெயர்ப்போடு. நான் ::81 பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். தம்பி கரித்துண்டைத் தேடினார். அந்த லைனில் ஐபிவி6 இன்னும் வரவில்லை என்று சொல்லி நிறுத்திவிட்டேன்.