வருகைக் கணக்கும் வாராதார் கணக்கும்

கடைக்கு வருவோரைக் கல்லாவில் அமர்ந்திருப்பவர் கண்ணால் காண்கிறார். இணையதளம் நடத்துவோருக்கு அந்த வாய்ப்பில்லை. எத்தனை பேர் வந்தனர், எதைப் படித்தனர், எங்கே நிறுத்தினர் என்றறியக் கருவி வேண்டும். 2005 ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான கூகுள் அனலிட்டிக்ஸ் அத்தகைய கருவிகளுள் பெரிதும் பரவியது. இக்கருவி சொல்வது எது, சொல்லாமல் விடுவது எது என்பதை ஆராய்வோம்.

கணக்கிடும் முறைகள் இரண்டு. முதலாவது, சர்வரின் குறிப்பேடு. பக்கத்தைக் கேட்டு வரும் ஒவ்வொரு வேண்டுகோளும் அதில் பதிவாகும். தேடுபொறிகள் அனுப்பும் தானியங்கி நிரல்களும் அதில் கலந்துவிடும். இரண்டாவது, பக்கத்தினுள் வைக்கப்படும் சிறு நிரல். அது படிப்பவரின் கைபேசியில் இறங்கி, இயங்கி, செய்தி அனுப்பிய பின்னரே ஒரு வருகை எண்ணப்படும். கூகுள் அனலிட்டிக்ஸ் இவ்வகையினது.

இங்கேதான் தீவுகளில் பயில்வோர் விழிப்போடு இருத்தல் வேண்டும். முன்னர் அந்தமானின் இணையம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள கோள் வழியாக ஒரு கேள்வி சென்று விடை மீள, அரை நொடி கழியும். 2020 ஆகஸ்டு 10 அன்று சென்னையிலிருந்து வரும் கடலடிக் கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். அம்முழு நீளத்தையும் ஒளி சென்று திரும்பினாலும் நொடியில் நாற்பதில் ஒரு பங்குகூட ஆகாது. ஆயினும் கேபிள் நேரே கரையேறாத தீவுகளும் உண்டு. அங்குள்ள மாணவர் ஒருவர் கனமான பக்கம் திறக்கக் காத்திருந்து, சலித்து, மூடிவிட்டால் என்ன ஆகும்? நிரல் இயங்கியிராது, அவர் வந்ததே கணக்கில் ஏறாது. வராதவர் என்று அவரைத் தள்ளிவிடுவது முறையாகுமா?

யூட்யூப் நிறுவனத்தில் பணியாற்றிய கிரிஸ் சக்கரியாஸ் 2012 இல் எழுதிய அனுபவம் இதற்குச் சான்று. காணொளிப் பக்கத்தின் எடையை அவர் பன்மடங்கு குறைத்தார். ஆனால் பக்கம் திறக்கும் சராசரி நேரமோ கூடியது! காரணம் என்ன? அதுவரை திறக்கவே இயலாதிருந்த தொலைநாட்டு மக்கள் அன்றுதான் உள்ளே வந்தனர். அவர்களின் மெதுவான இணைப்பு சராசரியை உயர்த்தியது. தோல்வி எனத் தோன்றிய எண், உண்மையில் வெற்றி.

ஆகவே சங்கங்களின் தளங்களை நடத்தும் நண்பர்கள் மூன்று செய்யலாம். தானியங்கிகளை நீக்கிய சர்வர் கணக்கையும் நிரலின் கணக்கையும் பக்கவாரியாக ஒப்பிடுக. இடைவெளி மிகுந்த பக்கத்தில் படங்களின் அளவைக் குறைத்து மீண்டும் அளந்திடுக. சராசரியை மட்டும் நோக்காது, மிக மெதுவாகத் திறக்கும் வருகைகளையும் தனியே நோக்குக. விளம்பரத் தடுப்பான்களும் நிரலை நிறுத்தக்கூடும். ஆதலால் இடைவெளி முழுவதையும் வேகக்குறைவின் மேல் ஏற்றலாகாது.

எண்ணப்பட்டோர் பெருகுவது மகிழ்ச்சியே. எண்ணப்படாதோர் எவர் என்று கேட்பதே அறிவியல் பயில்வோர்க்கு அழகு.