களிமண் பேரேடும் ஆகோள் கல்லும்

வங்கி வேலையை முடித்துக்கொண்டு போடி அடிவாரத்தில் மாவும் இலவமுமாக விவசாயம் பார்க்கிற எனக்கு, அறுபதைத் தாண்டிய பிறகு படிப்பு ஆசை வந்தது. அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு சேர்ந்தேன். "இந்த வயசுல பரீட்சையா?" என்று வீட்டில் சிரித்தார்கள். முதல் தாளே ஆதி மனிதனும் பண்டைய நாகரிகங்களும். புத்தகம் ராஜா, கோட்டை, கோபுரம் என்று போகும். ஆனால் வெள்ளாமை பார்த்த கையோடு அதைப் படித்தால், பாதிக்கு மேல் மண், தானியம், மாடு கதைதான். நமக்கு ஆகிற பகுதியை மட்டும் இங்கே சொல்கிறேன்.

நம்மைப் போன்ற மனிதன் தோன்றி ஏறக்குறைய 3 லட்சம் வருடம் ஆகிறது. விதைத்து அறுக்க ஆரம்பித்தது சுமார் 11 ஆயிரம் வருடத்துக்கு முன்னால்தான். இன்றைய துருக்கி, சிரியா, ஈராக் பக்கத்துச் சரிவுகளில் காட்டுக் கோதுமையும் காட்டு பார்லியும் தானாக விளைந்தன. காட்டுக் கதிர் முற்றினால் மணி உதிர்ந்துவிடும். உதிராமல் நின்ற கதிர்தான் அறுத்தவர் வீட்டுக்கு வந்தது; அதிலிருந்தே மறு வருட விதை. இப்படியே பல தலைமுறை போனதில் உதிராத ரகம் நிலைத்தது. பெயர் தெரியாத அந்த மனிதர்கள்தான் நம்முடைய முதல் விதைத் தேர்வாளர்கள்.

தானியம் குவிந்ததும் கணக்கு வந்துவிட்டது. ஈராக்கின் தெற்கே உருக் என்ற பழைய நகரத்தில் கி.மு. 3300 வாக்கில் எழுதிய களிமண் பலகைகள் கிடைத்திருக்கின்றன. உலகத்தின் மிகப் பழைய எழுத்துகளில் அவை சேர்த்தி. அதில் பெரும்பாலும் என்ன எழுதியிருக்கிறது என்கிறீர்கள்? எவ்வளவு பார்லி வந்தது, எத்தனை ஆடு, யாருக்கு எவ்வளவு அளந்து கொடுத்தது. அசல் பேரேடுங்க! வங்கிக்காரனுக்கு அதைப் படித்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

தானியத்துக்கு வரவு செலவு எழுதியவர்கள் மண்ணுக்கு எழுதவில்லை. யூப்ரடிஸ் தண்ணீரை வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சினார்கள். வெயில் அதிகம், மழை குறைவு, நிலம் தட்டை, வடிகால் கிடையாது. பாய்ச்சிய தண்ணீர் ஆவியாகும், அதிலிருந்த உப்பு தங்கும். நிலத்தடி நீர்மட்டம் மேலே வர வர அடி உப்பும் ஏறும். ஜேக்கப்சன், ஆடம்ஸ் என்ற இரண்டு அறிஞர்கள் 1958இல் 'சயின்ஸ்' இதழில் இதை எழுதினார்கள். கி.மு. 3500 வாக்கில் கோதுமையும் பார்லியும் ஏறக்குறைய சம அளவு. போகப் போக உப்பைத் தாங்குகிற பார்லியே நின்றது. கி.மு. 1700 வாக்கில் தெற்குப் பகுதியில் கோதுமை இல்லாமலே போனது. பார்லி விளைச்சலும் பழையதில் பாதிக்குக் கீழே இறங்கியது என்பது அவர்கள் கணக்கு. இந்த எண்களை மறுக்கிற ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் வரப்போரம் வெள்ளையாக உப்புப் பூப்பதைப் பார்த்த யாருக்கும் இதன் விவரம் புரியும். போர்வெல் தண்ணீரை நம்பி நிற்கிற நாம் வருடத்துக்கு ஒரு முறையாவது தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். வடிகால் இல்லாத வயலில் சொட்டு நீரும் மூடாக்கும் இருந்தாலும், உப்புத் தண்ணீர் உப்புத் தண்ணீர்தான்.

இனி நம்ம பக்கம் வருவோம். பழனிக்குப் பக்கத்தில் பொருந்தல் என்ற ஊரில் பேராசிரியர் கா. ராஜன் அகழாய்வு செய்தபோது, ஈமக்குழியில் வைத்த ஒரு பானைக்குள் சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது. காலம் கணித்ததில் கி.மு. 490 என்று வந்தது. இறந்தவரோடு நெல்லை வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

அதைவிட நெருக்கமானது நம் தேனி மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பை. 2006இல் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருந்து அதே ராஜன் குழுவின் ஆய்வு மாணவர்கள் வைகைக் கரையில் ஊர் ஊராகத் தேடி வந்தபோது, தமிழ் பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட கற்கள். அதில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்துபோன தீயன் அந்தவன் என்பவருக்கு வைத்தது. ஆகோள் என்றால் மாடு பிடிக்கிற சண்டை. கம்பம் பள்ளத்தாக்கில் இன்றைக்கும் ஒரு கூடலூர் இருக்கிறது, நினைவில் வையுங்கள்.

உருக்கில் முதல் எழுத்து பார்லிக் கணக்கு. நம் வைகைக் கரையின் பழைய எழுத்து, மாட்டுக்காக உயிர் விட்டவன் பெயர். மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று ஒரு பொருள் உண்டு.

அந்தச் செல்வம் இன்றைக்கு என்ன நிலையில் இருக்கிறது? மலைமாட்டுக்காரர்கள் மேய்ச்சல் முடிந்து இறங்கி வந்து, அறுவடையான வயலில் கிடை போடுவார்கள். சாணமும் மூத்திரமும் நேராக மண்ணில் இறங்கும். வண்டிக்கூலி கிடையாது, எருவை அள்ளிச் சிதற ஆள் தேட வேண்டியதில்லை. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காட்டில் மாடு மேய்க்கத் தடை சொன்னது. பிறகு அதை புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று சுருக்கியது. மேகமலைப் பக்கம் 2021இலேயே புலிகள் காப்பகமாகிவிட்டது. காட்டையும் காப்பாற்றத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மேய்ச்சல் இல்லாமல் மந்தையை விற்ற கிடைக்காரர் திரும்ப மாடு வாங்குவதில்லை. கிடை போடுகிறவருக்கு நெல்லோ பணமோ பேசி, முன்பணமும் கொடுத்து, ஊர் விவசாயிகள் நாலு பேர் சேர்ந்து வருடாவருடம் அழைத்தால் அவர் தொழிலில் நிற்பார். ஏலத்தோட்டம் வைத்திருக்கிற நண்பர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: மூட்டை எருவுக்குக் கொடுக்கிற காசில் ஒரு பங்கு இங்கே வரட்டும்.

இன்னொரு விஷயம். மேடு தட்ட ஜேசிபி விடும்போது கறுப்பு சிவப்புப் பானை ஓடு, தாழி, வட்டமாக நட்ட கல் தென்பட்டால் எந்திரத்தை நிறுத்துங்கள். எடுத்துக் கழுவ வேண்டாம். இருந்த இடத்திலேயே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ அரசு அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள். நிலம் போய்விடும் என்று பயந்து இரவோடு இரவாக மூடுகிறவர்கள் உண்டு. கீழடியில் ஆய்வுக்குழிகள் தோண்டியதே தனியார் தென்னந்தோப்புகளில், தோப்புக்காரர்கள் சம்மதத்தோடுதான். அந்த ஊர் முதலில் வெளியே தெரிந்ததும் 1970களில் ஒரு கிணறு வெட்டும்போது. அங்கே கிடைத்த பழம்பொருள்களைப் பற்றி மாணவர்கள் போய்ச் சொன்னது, பள்ளி வரலாற்று ஆசிரியர் பாலசுப்ரமணியனிடம்.