விலங்கின் வழித்தடம்: வில் இல்லாமல் வரவழைக்க

அமெரிக்காவில் வில்வேட்டைக்காரர்கள் மரங்களைப் பாதி வெட்டிச் சாய்த்து, குறுக்குவழிகளை அடைத்து, மானைத் தங்கள் பக்கம் வரவழைப்பார்கள். இங்கே இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம்; முயலுக்குக் கண்ணி வைத்தாலும்தான். ஆனால் அதே உத்தி கேமராவுக்கும் உதவும். கிழக்குக் கடற்கரைக்கு அருகே உள்ள குயிலாப்பாளையம் பக்கம் மரத்தோப்பு வைத்திருப்பவர்கள் முயல், கீரி, முள்ளம்பன்றியைப் பார்க்க இதைச் செய்யலாம்.

புதுப்பாதை வெட்ட வேண்டாம். புல் மடங்கிய இடத்தையும் புழுக்கையையும் பார்த்து, இருக்கிற தடத்தையே லேசாகத் துப்புரவாக்குங்கள். பக்கவழிகளில் காய்ந்த முள்கிளைகளைப் போட்டால் போதும். எந்த விலங்கும் சுலபமான வழியைத்தான் எடுக்கும். களா, காரைப் புதர்களைத் தொடாதீர்கள். மறைப்பு இல்லாத பாதையில் பகலில் எந்த விலங்கும் வராது.

செம்மண் சரிவில் பாதை நேரே இறங்கக்கூடாது. ஐப்பசி மழை அதை ஓடையாக அரித்துவிடும். சரிவுக்குக் குறுக்கே, மண்வரப்பை ஒட்டியே போகட்டும்.

எங்கே உட்காருவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கடல் கிழக்கே பக்கத்திலேயே இருப்பதால் பிற்பகலில் பெரும்பாலும் கடல்காற்று. பாதைக்கு மேற்கே உட்கார்ந்தால் உங்கள் வாடை விலங்குக்குப் போகாது. வெயிலும் முதுகுப் பக்கம். விடியலில் நிலக்காற்று வீசினால் கிழக்கே மாறுங்கள். ஒரு பிடி மண்ணைத் தூவிப் பார்த்தால் திசை தெரிந்துவிடும்.

நாயை வீட்டிலேயே கட்டிவிட்டு வாருங்கள்.