அரசின் பொருளாதாரக் கொள்கையும் கடைத்தெரு உறவுகளும்



அரசு ஒரு பொருளாதாரக் கொள்கையை அறிவித்தால், விலை ஏறுமா, லாபம் குறையுமா என்றுதான் நாம் முதலில் பார்க்கிறோம். அது நியாயமே. ஆனால் ஒவ்வொரு கொள்கையும் மனிதர்களுக்கு இடையே உள்ள நம்பிக்கையையும் தொடுகிறது. தமிழில் காசுக்கும் நாணயம் என்றே பெயர்; சொன்ன சொல் தவறாமைக்கும் நாணயம் என்றே பெயர். முதல் நாணயத்தில் அரசு கை வைக்கும்போது இரண்டாவது நாணயம் என்ன ஆகிறது என்பதை மூன்று உதாரணங்களால் பார்ப்போம்.

1. செல்லாத நோட்டு

1978 ஜனவரியில் 1,000, 5,000, 10,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை ஆயின. அவை மளிகைக் கடைக்கு வருகிற நோட்டுகள் அல்ல. 2016 நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது நிலைமை வேறு. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் ஏறத்தாழ 86 சதவீதம் அந்த இரண்டு நோட்டுகளில் இருந்தது. கூலித் தொழிலாளிக்கு வாரச் சம்பளமே 500 ரூபாய் நோட்டாகத்தான் வந்தது.

வங்கி வாசலில் ஊரே வரிசையில் நின்ற அந்த வாரங்களில், தெருமுனைக் கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி பருப்பு கொடுத்தார். எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகள் அவருக்குக் கடனில் மூட்டை கொடுத்தோம். எங்களுக்கு ஆலைக்காரர்கள் தவணை கொடுத்தார்கள். காசு நின்றுபோன நேரத்தில் சொல்தான் சரக்கை நகர்த்தியது.

ஆனால் பாரம் முழுவதும் கடைசியில் சின்னக் கடைக்காரர் தலையில் இறங்கியது. வேலை இழந்து சொந்த ஊர் போன தொழிலாளியின் பாக்கி அவர் நோட்டிலேயே தங்கிவிட்டது. செல்லாத நோட்டுகளில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் வங்கி 2018-ல் கணக்குக் கொடுத்தது. சின்னக் கடைக்காரரின் பாக்கி எந்த அரசுக் கணக்கிலும் வராது.

2. வரியும் நம்பிக்கையும்

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. எண்ணெயோ சர்க்கரையோ 1,00,000 ரூபாய்க்கு வாங்கினால், 5 சதவீத வரியாக 5,000 ரூபாயையும் சேர்த்து விற்பவரிடம் கொடுக்கிறோம். அவர் தம் விற்பனைக் கணக்கை இணையத்தில் பதிந்தால்தான் அந்த 5,000 ரூபாய் நம் வரவில் சேரும். 2022 ஜனவரி 1 முதல் இது கண்டிப்பான விதி. அவர் பதியாவிட்டால் அந்தச் சுமை நம்முடையது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் அவருக்கு நாம் பணம் கொடுக்காவிட்டாலும், எடுத்த வரவை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். பணம் கொடுத்த பிறகு மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்.

முன்பெல்லாம் சரக்கு எடுக்க ஆளைப் பார்த்தோம். இன்று அவர் ரிட்டன் போடுகிறாரா என்று பார்க்கிறோம். "அறுவடை முடியட்டும், பார்த்துக்கொள்வோம்" என்ற பழைய தவணைக்குச் சட்டம் ஒரு கெடு வைத்துவிட்டது. ஒழுங்காக வரி கட்டுபவருக்கு மதிப்புக் கூடியது நல்லதுதான். ஆனால் கணக்குப்பிள்ளை வைக்க வசதியில்லாதவர் ஒரு மாதம் பதியத் தவறினால், இருபது வருட வாடிக்கை கைவிட்டுப் போகிறது.

3. 25 கிலோ எல்லை

2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீத வரி வந்தது. உடனே சந்தைக்கு 26 கிலோ மூட்டை வந்தது. மொத்தமாக வாங்க வசதியுள்ளவர் வரியிலிருந்து தப்பினார். 5 கிலோ பொட்டலம் வாங்குபவர் வரி கட்டினார்.

ஆனால் மூட்டையைப் பிரித்து எடை போட்டு விற்றால் அந்த விற்பனைக்கு வரி இல்லை. கால் கிலோ, அரைக் கிலோ என்று நிறுத்துக் கொடுக்கும் மளிகைக் கடைக்கே இது சாதகம். அன்றாடம் வந்து வாங்குபவரோடுதான் பேச்சும் பழக்கமும் வளர்கின்றன. தராசை எடுத்துவிட்டுப் பொட்டலத்தை மட்டும் அடுக்கினால், பெரிய அங்காடிக்கும் நமக்கும் வேற்றுமை என்ன?

நாம் செய்ய வேண்டியவை

• மாதக் கணக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரிகள் அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் விற்பனைக் கணக்கைப் பதிய வேண்டும். வாங்கியவரின் பணம் அதில் இருக்கிறது.

• வாடிக்கையாளர் கடனை இரண்டு நோட்டில் எழுதுங்கள். ஒன்று அவர் கையில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை நேர் செய்யுங்கள். கணக்குத் தெளிவாக இருந்தால் உறவு கெடாது.

• சின்னக் கடைக்காரர்களுக்கு ரிட்டன் போட்டுக் கொடுக்க ஒவ்வொரு கிளைச் சங்கமும் ஓர் ஆளை வைக்கலாம். செலவைப் பகிர்ந்தால் பாரம் தெரியாது.

• குறைகளைச் சங்கத்தின் மூலமே சொல்லுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் 2005 ஏப்ரலில் வந்த வாட் வரி, தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1 அன்றுதான் வந்தது. வணிகர்களின் எதிர்ப்பும் அதற்கு ஒரு காரணம்.

சட்டம் எழுதுகிறவர்களுக்கு நம் தெருவில் யார் யாருக்கு உதவினார் என்று தெரியாது. நமக்குத் தெரியும். அடுத்த கொள்கை எப்போது வரும், எப்படி வரும் என்று சொல்ல முடியாது. அது வரும்போது பக்கத்துக் கடைக்காரர் கடையைச் சாத்தாமல் இருக்க இன்றே கை கொடுத்து வைப்போம்.